மூன்றாம் வீதியில் படுத்த ஊழிக்கடா

ஊழிக்கடா மேட்டுக்கடை நெசவாளர் காலனி மூன்றாம் வீதியில் வந்து படுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில். அதனால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் பொழுதில்லை, குடத்தை இனி எங்கே வரிசை வைப்பது என்றுதான் கேட்டார்கள். இரண்டு ஓட்டு வீடுகளை அடுத்தடுத்து நிறுத்திய நீளம், ஆமை ஓடு போல முதுகு, ஆறு கொம்பு, எருமையின் முகம், எருமையின் அலட்சியம். தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், எதிலும் கட்டாமல், ஒரு சிவப்புக் கோடு அந்தரத்தில் நின்றது. கோட்டில் பாதிக்குமேல் காலியாக இருந்தது, மீதியின் மேல் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

அந்தக் காலனி முழுக்கப் பாவு நீட்டுவது மூன்றாம் வீதியில்தான். விடிந்ததும் வீதி நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுத்துவிடுவார்கள். ராசாமணி அன்றைக்குப் பாவு கட்ட வேண்டிய கம்பம் கடாவின் வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. அவள் இடுப்பில் கைவைத்து அதை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள், திட்டி முடித்ததும் பாவின் நுனியைக் கொண்டுபோய் அதன் கீழ்க்கொம்பில் கட்டினாள். கடா விட்ட மூச்சு இஸ்திரிப்பெட்டி போலச் சூடாக இருந்ததால் பாவு அரைமணி நேரத்தில் காய்ந்தது. மறுநாளே கொம்புக்கு முறை வைத்துவிட்டார்கள்: திங்கள் இன்னார் வீடு, செவ்வாய் இன்னார் வீடு என்று.

நான்காம் வீதிக்காரர்களுக்கு மட்டும் கடாவால் லாபமில்லை. அதன் வால் அவர்கள் சாக்கடையில் கிடந்தது. அவர்கள் நகராட்சிக்கு எழுதிப்போட, நகராட்சி ஒரு ஜேசிபியை அனுப்ப, ஜேசிபி முட்டிப் பார்த்து ஒரு பல்லை இழந்து திரும்ப, கடா ஒரு காதை மட்டும் ஆட்டிற்று. சிவப்புக் கோட்டில் நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருந்தது. பிறகு ஒரு மேற்பார்வையாளர் வந்து அதன் முன்னங்காலில் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

மேகலாவுக்கு மட்டும் அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முந்தைய நாள் சாயங்காலம்தான் அதன் முன்னால் தனியாக நின்றிருந்தாள்.

ஊரில் இருபத்து நான்கு பேர் இரண்டு வருடமாகப் பாதாளபுரி என்ற இணைய ஆட்டத்தை அவரவர் வீட்டில் இருந்தபடி சேர்ந்து விளையாடினார்கள். அதில் சிலர் அடிப்பவர்கள், சிலர் முன்னால் நின்று அடி வாங்குபவர்கள், ஒரே ஒருத்தி மட்டும் காயம் ஆற்றுபவள், ஹீலர். அவள் பெயர் அங்கே மூலிகை. மூலிகை ஒருநாளும் மைக்கில் பேசியதில்லை, அதனால் அவள் யார், எந்த வீதி, கல்யாணம் ஆனவளா, பெண்தானா என்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் அவள்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவன் லோகநாதன், பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவன், ஊழிக்கடாவை ஒன்பது நிமிடத்தில் கொன்று தமிழ்நாட்டிலேயே முதலாவதாக வரவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சாப்பாடு ருசிக்காமல் இருந்தான். நவநீதன் என்ற நெசவாளர், நாற்பது வயதுக்காரர், அந்த ஆட்டத்துக்கு வருவதே அங்கேயுள்ள ஏரியில் தூண்டில் போடத்தான். கூட்டுறவு வங்கிச் சுந்தரவடிவேலு விதிகளை வாசித்துக் காட்ட வருவார். மற்றவர்களில் பாதிப் பேருக்குப் புது உடுப்புப் போட்டுப் படமெடுத்தால் போதும். மேகலாவுக்கோ, கடா படுத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மலை தெரியும், அங்கே கொல்வதற்கோ எடுப்பதற்கோ எதுவும் இல்லாததால் யாரும் போனதில்லை, அவள் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை பேரும் ஒரே ஆட்டத்தை விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, கோடு நாற்பத்தொன்றுக்கு இறங்கியபோது சண்டை மூண்டது, கடாவோடு அல்ல, தங்களுக்குள். நவநீதன் ஏரிக்கரையில் நிற்கிறார் என்பது லோகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. "நாங்க இங்க சாகறோம், நீங்க மீன் புடிச்சுட்டு இருக்கறீங்களா?" என்று அவன் கத்த, "வாளை மீனு திங்கக்கெழமைதான் சிக்கும் லோகு" என்று அவர் நியாயமாகச் சொல்ல, விதி எண் பதினெட்டு என்று சுந்தரவடிவேலு தொடங்க, கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "அந்த மூலிகை தூங்குது, அதனாலதான் இந்த எழவெல்லாம்" என்ற ஒரே கருத்துக்கு வந்து, ஒவ்வொருவராகக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மட்டும் மிஞ்சினாள். கடா அவளைப் பார்த்தது, அவள் கடாவைப் பார்த்தாள், அடிக்க அவள் கையில் எதுவும் இல்லை. அம்மா தோசைக்குக் கூப்பிட்டதும் ஆட்டத்தை அணைத்துவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை காபி கொடுக்க வந்த அம்மா, "என்னடி இது, உன்ற தலைக்கு மேல பச்சையா ஒரு கோடு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததா? நூறுன்னு எழுதியிருக்குது. டெஸ்ட்ல எடுத்த மார்க்காட்ட இருக்குது."

அந்தக் கோட்டைத் துப்பட்டாவால் மறைக்க முடியவில்லை, அது துப்பட்டாவுக்கு மேலே ஏறி நின்றது. மேகலா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நரம்பைத் தேடுவதற்காகக் குனிந்தே இருப்பதால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதாலேயே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அன்று பதினோரு மணிக்கு, அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க லோகநாதன் வந்தான். அவன் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு. அவன் அவள் கோட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கோட்டின் நுனியில் ஹீலருக்கு மட்டும் இருக்கும் சின்ன இலையைப் பார்த்தான்.

"நீதான் மூலிகையா?"

அவள் ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"ரெண்டு வருசம்," என்றான் அவன், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கேட்க. "ரெண்டு வருசமா எங்க உசுர வாங்குனது நீதானா? ஊசி போடறப்ப மட்டும் கை நேரா வருது, அங்க வந்தா என்ன கை வெளங்காம போயிருதா?"

ஒருவன் வெளிப்பட்டால் மற்றவர்கள் வெளிப்பட எத்தனை நேரமாகும்? தலைக்கு மேல் பச்சையோடு திரிந்த இருபத்து நான்கு பேரும் ஒரு வாரத்துக்குள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். லோகநாதன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்க் கடாவின் விலாவில் ஒன்று வைத்துப் பார்த்தான். ஜேசிபிக்கு அசையாத கோடு அவனுக்கு அசைந்தது: அந்த அடியின் கணக்காக நானூறு என்று வெள்ளையாக ஓர் எண் பறந்து போனது. கடா கண்ணைத் திறக்கவில்லை, தனி ஆளின் அடி அதற்கு ஈ உட்கார்வது போலத்தான். நவநீதனுக்குத் தறியில் விரல் கிழிந்தபோது மேகலா தயங்கித் தயங்கிக் கையை வைத்ததில் தோல் மூடிக்கொண்டதும், அவரது கோடு நிமிர்ந்ததும் அதே வாரம் தெரிந்துபோயிற்று. ஆகவே ஆட்டத்தின் வழக்கம் எதுவும் மாறவில்லை என்று லோகநாதன் முடிவுக்கு வந்தான். தன் கடைக்குள் இருபத்து நான்கு பேரையும் நெருக்கி நிறுத்திக்கொண்டு சொன்னான்:

"புதன்கெழம காலைல அடிக்கறோம். இப்பவே நாப்பத்தொண்ணு, பாதி வேல முடிஞ்சுது. கொன்னா வயித்துக்குள்ள பரிசாக் கெடைக்கற வஜ்ரக்கொம்பு யாருக்குங்கறத தாயம் போட்டுப் பாத்துக்கலாம்."

"ராசாமணியக்கா பாவு கட்டறாங்களே," என்றார் நவநீதன்.

"ஒருநாள்தானுங்க. புதன்கெழம கொன்னா வெசாழக்கெழம காலைல ஆறு மணிக்கு முழு உசுரோட எந்திரிச்சு நிக்குமில்ல? அதுதான வழக்கம். வெசாழன்லிருந்து கட்டிக்கட்டும்."

இரண்டு வருடத்தில் எத்தனையோ கடாக்களை, எத்தனையோ பாம்புகளை, அரக்கிகளைக் கொன்றவர்கள் அவர்கள். ஒன்றுகூட வியாழக்கிழமை காலை திரும்பி வராமல் இருந்ததில்லை. அதனால் அந்தப் பேச்சில் யாருக்கும் ஐயம் வரவில்லை. கூட்டத்தின் கடைசியில், சார்ஜர் ஒயர்கள் தொங்கும் பக்கத்திலிருந்து, யாரும் முன்பு கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"வரலைன்னா?"

எல்லாரும் திரும்பினார்கள். மேகலாவுக்குக் காது சிவந்தது.

"என்ன வரலைன்னா?"

"வெசாழக்கெழம... திரும்பி வரலைன்னா?"

முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு கடையே சிரித்தது. "ரெண்டு வருசம் வாயத் தொறக்கல, தொறந்ததும் பாரு கேள்விய!" என்றான் ஒருவன். "நீ கைய மட்டும் வெய் புள்ள, ரோசன பண்ற வேலய நாங்க பாத்துக்கறோம்," என்றான் லோகநாதன்.

அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் ஹீலர் இல்லாமல் கடாவை அடிக்க முடியாது என்பது ஊருக்குள் பரவிவிட்டது. நகராட்சி மேற்பார்வையாளர், ஒருநாள் மட்டும் தற்காலிகமாகக் கொல்ல ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்காம் வீதிப் பெண்கள் எட்டுப் பேர் மேகலாவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "உங்க பொண்ணு கைய வெக்க முடியாதுங்கறா, நாங்க சாக்கடைத் தண்ணிக்குள்ள சோறு திங்கறோம், நல்லா இருங்க" என்று அம்மாவை வாழ்த்தினார்கள். பரிசோதனை நிலையத்தில் பச்சைக்கோட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தினமும் வந்து, ரத்தமும் கொடுக்காமல் எழுந்தும் போகாமல், அவளையே பார்த்துக்கொண்டு நாற்காலிகளை அடைத்தார்கள். செவ்வாய் மாலை அம்மா சொன்னாள்: "கைய வெச்சாப் போதுமாமேடி. வெச்சுட்டு வந்துரு. யாரு வாயிலயும் விழுந்து கெடக்க வேண்டாம்."

புதன்கிழமை காலை அவள் போனாள். ராசாமணி கொம்பிலிருந்து பாவை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே, "உன்னயப் போல ஒரு வாயில்லாத பிள்ள, இந்தப் பாவத்துல எல்லாம் எதுக்கு சாமி?" என்றாள். மேகலா முன்வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள். லோகநாதன் ஐந்திலிருந்து கீழாக எண்ணினான், ஒன்று என்றதும் இருபத்து மூன்று பேரும் கம்பியும் தறிக்கட்டையும் கிரிக்கெட் மட்டையுமாகப் பாய்ந்தார்கள், விலாவெல்லாம் வெள்ளை எண்கள் பறந்தன, கடா முதல் முறையாக எழுந்து நின்றது, மூன்றாம் வீதியின் ஓடுகளெல்லாம் ஒருமுறை துள்ளி அமர்ந்தன. அது மூச்சை விட்டபோது முன்வரிசைக்காரர்களின் பச்சைக் கோடுகள் பாதியாயின, மேகலா கையை வைத்தாள், கோடுகள் நிமிர்ந்தன. அது காலை உதைத்தபோது பின்வரிசை சரிந்தது, அவள் அங்கே ஓடினாள். கடாவின் கோடு முப்பது. இருபத்திரண்டு. பதினைந்து. இந்த முறை யாரும் தூண்டில் போடப் போகவில்லை, யாரும் விதி வாசிக்கவில்லை, இரண்டு வருடத்தில் முதன்முறையாக இருபத்து நான்கு பேரும் ஒரே ஆட்டத்தை ஆடினார்கள். மேகலாவுக்கு அந்த ஒற்றுமைதான் குளிரெடுக்க வைத்தது.

கோடு ஒன்பதுக்கு வந்தபோது கடா முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தது. அதன் கண் அவள் உயரத்துக்கு வந்தது.

"என்ன பாத்துட்டு நிக்கற?" என்று லோகநாதன் தொண்டை கிழியக் கத்தினான். "எத்தன தடவ சொல்றது உனக்கு? யாரு கோடு ரொம்பக் கொறஞ்சிருக்குதோ அவங்களுக்குப் போடு! வேற எதயும் பாக்காத, கோட்ட மட்டும் பாரு!"

அவள் கோட்டை மட்டும் பார்த்தாள். சுந்தரவடிவேலுவுக்கு ஐம்பத்தாறு. நவநீதனுக்கு நாற்பது. லோகநாதனுக்கு முப்பத்தொன்று. கடாவுக்கு ஏழு.

அவள் நடந்து போய்க் கடாவின் நெற்றியில், கொம்புகளுக்கு நடுவே, இரண்டு கைகளையும் வைத்தாள். ஆட்டத்தில் அதற்கு வழியே இல்லை, அங்கே பகையின் மேல் கை வைத்தால் பொத்தான் வேலை செய்யாது. வீதியில் பொத்தான் இல்லை. ஏழு பதினேழானது, பதினேழு நாற்பதானது, நாற்பது நூறானது. ஆற்றுவாரில்லாத இருபத்து மூன்று பேரும் கடா விட்ட ஒற்றை மூச்சில், காற்றில் சாய்ந்த சோளத்தட்டு போல, வரிசையாக விழுந்தார்கள்.

செத்துப்போகவில்லை. ஆட்டத்தில் விழுந்தவர்கள் எப்படிக் கிடப்பார்களோ அப்படிக் கிடந்தார்கள்: கோடு காலி, கைகால் அசையாது, வாய் மட்டும் குறையாது. மூன்றாம் வீதி முழுக்க மல்லாந்து கிடந்தபடி அவர்கள் அவளை ஏசினார்கள். துரோகி என்றார்கள், வெளங்காதவள் என்றார்கள், "எந்திரிக்க வெச்சுட்டுப் போடி!" என்றார்கள், "இவளயெல்லாம் சேத்ததே தப்பு" என்று ஒருவரையொருவர் கிடந்த இடத்திலேயே குற்றம் சொன்னார்கள். மேகலா மணியைப் பார்த்தாள், எட்டரை ஆகியிருந்தது, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் காத்திருப்பார்கள் என்று வேலைக்குப் போய்விட்டாள்.

வீதி அதையும் பழகிக்கொண்டது. ராசாமணி அவர்களுக்கு மேலாகப் பாவை இழுத்துக் கட்டினாள், மூஞ்சியில் கஞ்சி சொட்டுகிறது என்று கத்தியவனிடம், "வாய மூடிக்க, சொட்டாது" என்றாள். அம்மாக்கள் வந்து தயிர்சோறு ஊட்டினார்கள், மனைவிகள் குடை நட்டார்கள், தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்றன. நான்காம் வீதிக்காரர்கள், கடா திரும்பிப் படுத்ததில் வால் சாக்கடையை விட்டு வெளியே வந்துவிட்டதால், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை ஆறு மணி வந்தது, போனது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலங்களில் மேகலா வந்து ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, "எந்திரிச்சா அடிப்பீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றவர்களின் நெற்றியில் கையை வைத்தாள். நவநீதன் எழுந்ததும், "ஏரி இல்லாத ஊருக்கு என்னயக் கூட்டியாந்து அடிக்கச் சொன்னாங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டு பேர் பொய் சொல்லி எழுந்து, மறுபடி கம்பியை ஓங்கி, மறுபடி விழுந்தார்கள். அவர்களை அவள் மறுநாள் மாலைவரை கிடக்கவிட்டாள். சனிக்கிழமைக்குள் இருபத்திரண்டு பேர் போய்விட்டார்கள், லோகநாதன் மட்டும் மிஞ்சினான்.

"எந்திரிச்சா அடிப்பீங்களாண்ணா?"

"அடிப்பேன்."

அவள் எழுந்து போய்விடுவாள். மறுநாள் வருவாள். அதே கேள்வி, அதே பதில். நான்காம் நாள் அவன் அம்மா மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பொய் சொல்ல மாட்டான் கண்ணு. அதுதான் அவங்கிட்ட இருக்கற கேடு. மழ வர்றாப்ல இருக்குது, நனஞ்சுட்டுக் கெடப்பான்."

மேகலா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வானத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "ரெண்டு வருசம். இன்னும் ஏழுதான் பாக்கி. நீ வெளையாட்டயே கெடுத்துட்ட."

"நானும் வெளையாடிட்டுத்தாண்ணா இருந்தேன்."

"நீயா? நீ எங்க வெளையாடுன? நீ எங்களுக்குக் கை வெச்சுட்டு இருந்த."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, நீளமான பதில், இரண்டு வருட நீளம். ஆனால் அதை அவனிடம் சொல்லி ஆகப்போவது என்ன? அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு அடிக்கு நானூறு, கடாவின் முழு உயிர் ஒன்பது கோடி, கூட அடிக்க இனி ஒருவரும் வரப்போவதில்லை. அவன் நெற்றியில் கையை வைத்தாள். அவன் எழுந்தான், நன்றி சொல்லவில்லை, நேராகப் போய்க் கம்பியை எடுத்து அடிக்கத் தொடங்கினான்.

அன்றிலிருந்து கடை திறப்பதற்கு முன்னால் அவன் தினமும் வந்தான். ஆறிலிருந்து ஏழுவரை அடிப்பான், நூறு தொண்ணூற்றொன்பதாகும், கடா தூங்கிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கு மேகலா வந்து கையை வைப்பாள், நூறாகும். அவர்கள் முகம் பார்த்துக்கொள்வதில்லை. "வந்துட்டா தண்டம்" என்று அவன் கடாவிடம் சொல்வான். "சட்டை பொத்தான் மாத்திப் போட்டிருக்குது" என்று அவள் ராசாமணியிடம் சொல்வாள். கம்பிச் சத்தம் கேட்டால் உலை வைப்பது, நின்றால் பிள்ளைகளைக் குளிக்க அனுப்புவது என்று மூன்றாம் வீதி அதையே கடிகாரமாக்கிக்கொண்டது. மழைக்காலம் முடிந்தது, தை வந்தது, அவனுடைய வெறுப்பு ஒரு நாளும் தாமதமாக வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை கம்பிச் சத்தம் கேட்கவில்லை. மேகலா வந்து பார்த்தாள், கோடு நூறில் நின்றது, அவள் கைக்கு வேலையில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஆனால் வேலையில் இரண்டு முறை நரம்பு தவறிற்று. புதன்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு அவள் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டெங்கு என்றாள் அவன் அம்மா. கட்டிலில் போர்வைக்குள் கிடந்தான், தலைக்கு மேலே பச்சைக் கோட்டில் பதினொன்று.

"எதுக்கு வந்த?" என்றான். "சந்தோசப்படறதுக்கா?"

"கைய நீட்டுங்க."

"உன்ற கையால எனக்கு ஒண்ணும் வேண்டாம். எந்திரிச்சா அடிப்பேன், சொல்லீட்டன்."

"தெரியுங்ண்ணா."

"ஒரு நாளைக்கு இல்லீன்னா ஒரு நாளைக்கு நீ வராமப் போவ. அன்னைக்குப் பூராவும் நின்னு அடிப்பேன்."

"வராமப் போக மாட்டேன்," என்று சொல்லி அவள் அவன் நெற்றியில் கையை வைத்து, கண்ணை மூடாமல், கோட்டையே பார்த்துக்கொண்டு பத்துவரை எண்ணினாள். முப்பது, ஐம்பத்தெட்டு, நூறு. கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

லோகநாதன் போர்வையை உதறிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கினான். கைகளை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தான். "அம்மா, என்ற கம்பி எங்க?" என்று கேட்டான், பிறகு, "வண்டிச் சாவி எங்க?" என்று கேட்டான்.

மேகலா அதற்குள் வாசல்படி இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்றாம் வீதியை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.